டிவோர்ஸ், தாபரிப்பு, பிள்ளைப் பொறுப்பு: யாழ்ப்பாணத்தில் எந்தச் சட்டம் செல்லும்?

ஒரு குடும்பம் பிரியப்போகிறது என்று ஊரில் கதை பரவினால் போதும், சட்டம் தெரிந்தவர்கள் எங்கிருந்தோ வந்துவிடுவார்கள். "ஏழு வருசம் பிரிஞ்சிருந்தா தன்ரபாட்டில டிவோர்ஸ்." "ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சா ஆறு மாசத்தில அலுவல் முடிஞ்சிடும்." "பெடியன் தகப்பனோட, பெட்டை தாயோட." "அவள் வேலைக்குப் போறாள்தானே, ஏன் காசு குடுக்க வேணும்?" இவற்றில் எதுவும் இங்கே அப்படியே செல்லாது. சில இந்தியாவுக்குச் சரி, சில கனடாவுக்குச் சரி, சில எங்குமே சரியில்லை.

தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்ததுதான். மாலை நேரத்துத் தொலைக்காட்சித் தொடரில் குடும்ப நல நீதிமன்றம் வருகிறது. யூடியூப்பில் சென்னைச் சட்டத்தரணி ஒருவர் அழகாக விளக்குகிறார். ரொறன்ரோவில் இருக்கும் சித்தி தன் சிநேகிதியின் கதையைச் சொல்கிறார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

## இங்கே செல்லும் சட்டம்

யாழ்ப்பாணத்துத் தமிழர்கள், சைவரானாலும் கிறிஸ்தவரானாலும், திருமணம் செய்வதும் அதைக் கலைப்பதும் இலங்கையின் பொதுச் சட்டத்தின்கீழ். அதன் அடிப்படை 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம். வழக்கை நடத்தும் முறை குடிசார் நடைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. இந்தியாவின் 1955 ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்கும் நல்லூர்க் கோயிலில் தாலி கட்டியவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முஸ்லிம்களுக்கு 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் தனியாக உள்ளன. கண்டியச் சட்டத்தின்கீழ் மணம் முடித்த சிங்களவர்களுக்கு 1952 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அவர்கள் இருவரும் சம்மதித்தால் நீதிமன்றம் போகாமல் மாவட்டப் பதிவாளரிடமே பிரிவைப் பெற முடியும். அந்தச் சலுகை பொதுச் சட்டத்தில் மணம் முடித்தவர்களுக்கு இல்லை. ஒரே நாட்டில் இப்படி வெவ்வேறு முறைகள் இருப்பது நியாயமா என்று கேட்டால், எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. ஆனால் இன்றைய நிலை இதுதான்.

அப்படியென்றால் யாழ்ப்பாணத் தமிழருக்கென்று இருக்கும் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை? அது காணி, சீதனம், பரம்பரைச் சொத்து பற்றியது. கணவன் மனைவியைப் பிரிக்கும் விதி அதில் இல்லை. சொத்துப் பகுதியில் மட்டும் அது உள்ளே வரும், கீழே பார்ப்போம்.

## ஒரு பிரிவுக்குள் நான்கு கேள்விகள்

அண்ணனும் தம்பியும் ஒரு வளவைப் பிரித்து உறுதி எழுதுவதை நினைத்துப் பாருங்கள். நடுவில் வேலி விழுகிறது. யாருக்கு எந்தப் பக்கம் என்று எழுதப்படுகிறது. பெரிய வீடு ஒருவருக்குப் போனால் மற்றவருக்குக் கொஞ்சம் காசு கொடுபடுகிறது. ஆனால் கிணற்றை யாரும் வெட்டிப் பிரிப்பதில்லை. "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்று உறுதியில் ஒரு வரி ஏறும். கிணறு யார் பக்கத்தில் இருந்தாலும் மற்றவர் தண்ணீர் அள்ள வரலாம். இறைத்துத் துப்புரவாக்கும் செலவிலும் இருவருக்கும் பங்கு உண்டு. அண்ணன், தம்பியோடு கோபம் என்பதற்காகக் கிணற்றைத் தூர்க்க முடியாது.

குடும்ப வழக்கிலும் இப்படி நான்கு தனித்தனி விடயங்கள் இருக்கின்றன.

வேலி போடுவது விவாகரத்து: திருமணப் பிணைப்பைச் சட்டப்படி முடிப்பது. ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் காசு, கணவன் மனைவிக்கிடையிலான தாபரிப்பு அல்லது ஜீவனாம்சம். கிணறு யார் பக்கம் என்பது கட்டுக்காப்பு: பிள்ளை யாரோடு வசிக்கும், அன்றாடப் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. கிணற்றுச் செலவு, பிள்ளையின் தாபரிப்பு.

இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேரம் பேசுவதுதான் நம் ஊரில் நடக்கிறது. "டிவோர்ஸுக்குச் சம்மதம், ஆனா பிள்ளையைத் தரவேணும்." "பிள்ளையைக் காட்டாட்டி காசு அனுப்பமாட்டன்." சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு, சிலவற்றுக்குத் தனி நீதிமன்றமே உண்டு. ஒன்றில் தோற்றவர் மற்றதிலும் தோற்கவேண்டும் என்றில்லை.

## எழுத்து முடிந்தால் திருமணம் முடிந்தது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால், விசா அலுவலுக்காக எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, முதலில் வைத்துவிட்டு, தாலிகட்டை வேறொரு நாளுக்குத் தள்ளிவைப்பது இங்கே வழக்கம். இடையில் ஏதோ குழம்பிவிடுகிறது. இரு வீட்டாரும் "கலியாணம் இன்னும் நடக்கேல்லைத்தானே" என்று சொல்லி, நகையைத் திருப்பிக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

முடியவில்லை. பதிவாளர் முன் கையெழுத்து வைத்த கணத்தில் அவர்கள் கணவன் மனைவி. ஒருநாள்கூட ஒன்றாக வாழாவிட்டாலும் நீதிமன்றத் தீர்ப்பில்லாமல் இருவரில் எவரும் மறுமணம் செய்ய முடியாது. செய்தால் இரண்டாம் திருமணம் செல்லாது. அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பதிவு செய்யாமல், சமய முறைப்படி மட்டும் நடந்த திருமணத்தையும் இலங்கைச் சட்டம் ஏற்றுக்கொள்ளலாம். "எழுத்து இல்லைத்தானே, அதால உரிமையும் இல்லை" என்று ஒரு பெண்ணை வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது.

பொலிஸில் எழுதிய இணக்கம், நொத்தாரிசு முன் முத்திரைத்தாளில் வைத்த கையெழுத்து, மத்தியஸ்த சபையில் பேசியது எதுவும் விவாகரத்து ஆகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் திருமண நீதிமன்றம் ஒரு திருமணம் செல்லாது என்று சொன்னால், அது திருச்சபைக்குள் செல்லும்; பதிவேட்டில் நீங்கள் இன்னும் மணமானவர்தான். திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு மட்டுமே.

## விவாகரத்துக்கு மூன்று காரணங்கள்

மேலே சொன்ன 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19 ஆம் பிரிவு மூன்று காரணங்களை மட்டும் சொல்கிறது: திருமணத்துக்குப் பிந்திய பிறன்மனைத் தொடர்பு, தீயநோக்குடன் கைவிடல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு அல்லது உடலுறவுக்கு இயலாமை. மூன்றில் ஒன்றை நிரூபிக்கவேண்டும். "ஒத்துவரவில்லை" என்பது பட்டியலில் இல்லை. "இருவருக்கும் சம்மதம்" என்பதும் இல்லை.

முதலாவதையும் மூன்றாவதையும் சுருக்கமாக முடிக்கலாம். பிறன்மனைத் தொடர்பு இலங்கையில் குற்றவியல் குற்றம் அல்ல. யாரும் மறியலுக்குப் போகப்போவதில்லை. ஆனால் விவாகரத்துக்கு அது காரணமாகும்; தொடர்புள்ள மூன்றாம் ஆளையும் வழக்கில் சேர்த்து நட்டஈடு கேட்கலாம். நிரூபிப்பது கடினம், ஊர் சிரிப்பது அதைவிடக் கடினம். இயலாமைக்கு மருத்துவச் சான்று வேண்டும்.

பெரும்பாலான வழக்குகள் இரண்டாவது காரணத்தில்தான் போகின்றன. அதனால் அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கவேண்டும்.

தீயநோக்குடன் கைவிடல் என்றால், நியாயமான காரணம் இல்லாமல், திருமண வாழ்க்கையை அடியோடு முடிக்கும் எண்ணத்தோடு, சேர்ந்து வாழ்வதை ஒருவர் நிறுத்திவிடுவது. இதில் செயலும் இருக்கவேண்டும், எண்ணமும் இருக்கவேண்டும். கட்டாரில் வேலை செய்து மாதாமாதம் காசு அனுப்பி, ஒவ்வொரு இரவும் வீடியோ அழைப்பில் பிள்ளையோடு கதைக்கும் கணவன் பிரிந்துதான் இருக்கிறார், ஆனால் கைவிடவில்லை. பிரான்ஸுக்குப் போய் ஒரு வருடத்தில் தொலைபேசி இலக்கத்தை மாற்றி, அங்கே வேறொருவரோடு குடும்பமானவர் கைவிட்டவர்.

இனி, பலர் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் இடம். "அவள்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனவள், அதால அவள்தான் கைவிட்டவள்" என்பார்கள். சட்டம் வாசற்படியைத் தாண்டியவர் யார் என்று மட்டும் பார்ப்பதில்லை. தாண்டவைத்தவர் யார் என்றும் பார்க்கிறது. அடியும் குடியும் ஏச்சும் தாங்காமல் ஒரு பெண் வெளியேறினால், வீட்டிலேயே இருந்த கணவனே சட்டத்தின் கண்ணில் கைவிட்டவர். இதைக் கருத்தளவிலான கைவிடல் என்பார்கள். கொடுமை என்று ஒரு தனிக் காரணம் 19 ஆம் பிரிவில் இல்லாவிட்டாலும், இந்த வழியாகக் கொடுமை வழக்குக்குள் வருகிறது. மனைவி கணவனை வாழவிடாமல் துரத்தினாலும் இதே கதைதான்.

அடி நடக்கும் வீட்டில் விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை நீடிக்கக்கூடியது. அதைக் கேட்பதற்குப் பிரியும் எண்ணம்கூட இருக்கவேண்டியதில்லை.

சரி, இருவருமே பிரிய விரும்பினால்? நடைமுறையில் ஒருவர் கைவிடலைக் காரணம் காட்டி வழக்குப் போடுவார். மற்றவர் எதிர்த்து வாதாடமாட்டார். அப்போதும் வழக்காளி சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததைச் சொல்லவேண்டும், நீதிபதி திருப்திப்படவேண்டும். இல்லாத குற்றத்தை இருவரும் பேசி வைத்துச் சொல்வது சட்டம் தடுக்கும் கூட்டுச் சூழ்ச்சி. பிள்ளை, காசு, நகை பற்றி இணக்கத்துக்கு வந்து அதை நீதிமன்றத்தில் பதிவதில் தவறில்லை. கதையை உருவாக்குவதுதான் தவறு. மரியாதையாகப் பிரிய நினைக்கும் இரண்டு பேரில் ஒருவரைக் குற்றவாளியாக்கினால்தான் கதவு திறக்கும் என்ற இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கால் வளரும் பகையில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

இதுவரை வந்தது: பொதுச் சட்டத்தில் மூன்று காரணங்கள் மட்டும். சம்மதம் தனியே காரணம் ஆகாது. வீட்டைவிட்டு வெளியேறியவர்தான் கைவிட்டவர் என்று முடிவுகட்ட முடியாது.

## ஏழு வருடக் கதை

இதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. சட்டக்கோவையின் 608 ஆம் பிரிவு நீதிமன்றப் பிரிவு என்ற ஒன்றைப் பற்றிப் பேசுகிறது. திருமணம் முறியாமல், சேர்ந்து வாழும் கடமையை மட்டும் நீதிமன்றம் நிறுத்திவைப்பது அது. அப்படி ஒரு தீர்ப்புப் பெற்று இரண்டு வருடம் கழிந்தாலோ, தீர்ப்பு இல்லாமலே ஏழு வருடம் பிரிந்திருந்தாலோ, திருமணத்தைக் கலைக்கச் சுருக்கமான நடைமுறையில் விண்ணப்பிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

இதை வைத்து, ஏழு வருடம் போனாலே போதும் என்று ஒரு காலத்தில் நீதிமன்றங்களிலும் கருத்து இருந்தது. 1986 இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காலம் கடந்ததைக் காட்டினால் மட்டும் போதாது, திருமணக் குற்றம் ஒன்றையும் காட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எனவே ஏழு வருடம் விண்ணப்பிக்க ஒரு வழியைத் தரும். தானாக எதையும் முறிக்காது. இருபது வருடம் பிரிந்திருந்தாலும், தீர்ப்பு இல்லாவிட்டால் சட்டத்தில் தம்பதியர்தான். ஒருவர் இறந்தால் மற்றவர் அவருடைய விதவை அல்லது தபுதாரர் என்ற முறையில் சொத்தில் பங்கு கேட்டு வரலாம்.

## தீர்ப்பு இரண்டு தடவை வரும்

வழக்கு முடிந்து நீதிபதி விவாகரத்து வழங்கினார் என்றால், அன்று கிடைப்பது டிக்ரி நைசி எனப்படும் முதற்கட்டத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் போனபின், தடை எதுவும் இல்லையென்றால் அது டிக்ரி அப்சலூட், அதாவது முடிவான தீர்ப்பு ஆகும். இடைப்பட்ட காலத்தில் திருமணம் உயிரோடு இருக்கிறது. நைசியைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த மாதம் மண்டபம் பதிந்தவர்களின் கதைகளைக் கேட்டிருக்கிறேன். முடிவான தீர்ப்பின் சான்றுபடுத்திய பிரதி இல்லாமல் பதிவாளரிடம் போகவேண்டாம்.

## காசு: இரண்டு நீதிமன்றம், இரண்டு பெயர்

இங்கேதான் குழப்பம் அதிகம். காசு கேட்க இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது தாபரிப்பு. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது. இதற்கு விவாகரத்து வழக்கே தேவையில்லை. கணவன் வசதியிருந்தும் செலவுக்குக் கொடுக்கவில்லை, தன்னைத் தானே பராமரிக்க மனைவியால் இயலவில்லை என்று காட்டினால், மாதாந்தம் ஒரு தொகையை நீதவான் கட்டளையிடலாம். பழைய 1889 ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணவன் மட்டுமே கொடுக்கவேண்டியவர். இப்போதைய சட்டம் வாழ்க்கைத்துணை என்றே சொல்கிறது. உழைக்க முடியாத கணவன் வசதியுள்ள மனைவியிடமும் கேட்கலாம். பிறன்மனைத் தொடர்பில் வாழ்பவருக்கும், இருவரும் சம்மதித்துத் தனித்து வாழும்போதும் இந்தத் தாபரிப்புக் கிடைக்காது.

இரண்டாவது ஜீவனாம்சம். இது மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து வழக்கோடு சேர்ந்து வருவது. வழக்கு நடக்கும் காலத்துக்கு மனைவி இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். தீர்ப்பின்போது குடிசார் நடைமுறைச் சட்டக்கோவையின் 615 ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் ஒரு மொத்தத் தொகையையோ, மாதாந்த அல்லது வருடாந்தக் கொடுப்பனவையோ, சொத்து ஒன்றை எழுதிக்கொடுப்பதையோ கட்டளையிடலாம். அது கணவனுக்கும் ஆகலாம், மனைவிக்கும் ஆகலாம். நிலைமை மாறினால் கட்டளையையும் மாற்றலாம்.

எவ்வளவு? கனடாவில் பிள்ளைச் செலவுக்கு வருமானத்தின்படி அரசாங்க அட்டவணையே இருக்கிறது. இங்கே அட்டவணை இல்லை. சம்பளத்தில் மூன்றில் ஒன்று, பாதி என்று ஊரில் சொல்லும் கணக்குகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. கொடுப்பவரின் வருமானம், வசதி, பெறுபவரின் தேவை, இருவரும் வாழ்ந்த நிலை ஆகியவற்றை நீதிபதி எடைபோடுவார். அதனால்தான் பள்ளிக்கட்டணம், ரியூஷன் காசு, மருந்துத் துண்டு, வாடகை என்று துண்டு துண்டாகக் கணக்கு வைத்திருப்பவர் நன்றாக வாதாடுகிறார். "அவருக்கு நிறையக் காசு இருக்கு" என்பது சாட்சியம் அல்ல.

கட்டளை வந்தும் கொடுக்காவிட்டால், சம்பளத்திலிருந்தே பிடிக்க உத்தரவிடலாம். தவறிய ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை மறியலும் விதிக்கலாம்.

## பிள்ளையின் காசு பிள்ளையுடையது

தாய் உழைக்கிறாள் என்ற வாதம் அவளுடைய சொந்தத் தாபரிப்பைப் பாதிக்கலாம். பிள்ளையின் தாபரிப்பை அது இல்லாமல் செய்துவிடாது. பெற்றோர் இருவருக்கும் பொறுப்பு உண்டு. இருவரின் வசதியையும் பார்த்துத்தான் தொகை முடிவாகும்.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்த உரிமை உண்டு. 18 முதல் 25 வயது வரையுள்ள, தன்னைப் பராமரிக்க இயலாத பிள்ளையும் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளை நினைத்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கும் தனி ஏற்பாடு உண்டு. தாயும் தகப்பனும் மணம் முடிக்காவிட்டாலும் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது, தந்தை யார் என்று நிரூபித்தால் போதும்.

"பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் காசு இல்லை" என்பதும், "காசு வரவில்லை, அதனால் பிள்ளையைக் காட்டமாட்டேன்" என்பதும் இரண்டுமே செல்லாது. ஒரு கட்டளையை மற்றவர் மீறினால் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். மற்றக் கட்டளையைத் தானும் மீறுவது பதில் ஆகாது.

காசுப் பகுதியை இப்படி நினைவில் வைக்கலாம்: தாபரிப்புக்கு நீதவான் நீதிமன்றம், விவாகரத்து இல்லாமலும் கேட்கலாம். ஜீவனாம்சத்துக்கு மாவட்ட நீதிமன்றம், விவாகரத்து வழக்கோடு. பிள்ளையின் பங்கு இரண்டிலும் தனி.

## பிள்ளை யாரோடு?

இலங்கையின் பொதுச் சட்டத்துக்கு வேர் ரோமன் டச்சுச் சட்டம். அதில் தகப்பனே இயற்கைப் பாதுகாவலர். அவருக்கு முன்னுரிமை இருந்தது. நீதிமன்றங்கள் அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டன. இன்று கேட்கப்படும் முதற்கேள்வி பிள்ளையின் நலன் எங்கே இருக்கிறது என்பது. தகப்பனின் உரிமையும் தாயின் உரிமையும் அதற்குப் பிறகுதான்.

அதனால் ஆண் பிள்ளைக்கு ஒரு விதி, பெண் பிள்ளைக்கு ஒரு விதி என்று எதுவும் இல்லை. கைக்குழந்தை பெரும்பாலும் தாயோடுதான் விடப்படும் என்பது உண்மை. அது பிள்ளையின் தேவையை வைத்து வரும் முடிவு. இந்த வயதில் தாய்க்கு, அந்த வயதில் தகப்பனுக்கு என்று மாற்றிக்கொடுக்கும் நாட்காட்டி சட்டத்தில் கிடையாது. ஓரளவு விவரம் தெரிந்த பிள்ளையிடம் நீதிபதி தன் அறையில் தனியே பேசக்கூடும். அதற்காகப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்புபவர்கள் உண்டு. நீதிபதிகள் இதை முதல் தடவையாகப் பார்க்கப்போவதில்லை.

நீதிமன்றம் பார்ப்பவை சாதாரண விடயங்கள்: இப்போது பிள்ளையை எழுப்பிக் குளிக்கவார்த்துப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார், சகோதரங்கள் சேர்ந்திருக்க முடியுமா, வீட்டில் வன்முறை உண்டா, பள்ளிக்கூடம் மாறவேண்டிவருமா. தேவைப்பட்டால் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்கலாம். விவாகரத்துக்குக் காரணமான தவறு மட்டும் ஒருவரைக் கெட்ட தாயாகவோ கெட்ட தகப்பனாகவோ ஆக்கிவிடாது.

கட்டுக்காப்பு ஒருவருக்குப் போனால் மற்றவருக்குப் பார்வையிடும் உரிமை இருக்கும். ஞாயிறு காலை முதல் மாலை வரை, பள்ளி விடுமுறையில் பாதி, நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருநாள் என்று எவ்வளவு விரிவாக எழுதுகிறோமோ அவ்வளவு சண்டை குறையும். "இருவரும் பேசி முடிவெடுப்பர்" என்று எழுதப்பட்ட கட்டளை, பேசாத இருவருக்கு எந்த உதவியும் செய்யாது. கட்டுக்காப்புக் கட்டளையும் நிரந்தரமல்ல. பிள்ளை வளரும்போது, நிலைமை மாறும்போது மாற்றக் கேட்கலாம்.

அம்மம்மாக்கள் அதிகம் கேட்கும் ஒரு கேள்வி: "பேரனை நான்தானே வளர்த்தனான், எனக்குத் தரமாட்டினமா?" பெற்றோர் இருவரும் தகுதியற்றவர்கள் என்றோ, பிள்ளையின் நலனுக்கு அதுவே அவசியம் என்றோ காட்டினால் முடியும். வெறும் பாசம் போதாது, பெற்றோருக்கே முதலிடம்.

பொலிஸ் நிலையத்தில் பிள்ளையை ஒருவரிடமிருந்து வாங்கி மற்றவரிடம் கொடுப்பது கட்டுக்காப்புத் தீர்ப்பு ஆகாது. பொலிஸ் முறைப்பாட்டைப் பதியலாம், பிள்ளைக்கு ஆபத்து என்றால் நடவடிக்கை எடுக்கலாம். பிள்ளை யாரோடு வாழும் என்பதை நீதிமன்றம் சொல்லவேண்டும்.

## சீதனமும் காணியும்

இப்போது தேசவழமை. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் அதன் 1947 ஆம் ஆண்டுத் திருத்தமும் இங்கே முக்கியம். பெண்ணின் பெயரில் எழுதிய சீதனக் காணியும் வீடும் அவளுடைய தனிச்சொத்து. விவாகரத்தால் அது கணவனுக்குப் போகாது. திருமணக் காலத்தில் உழைத்து வாங்கியவை தேடியதேட்டம் என்ற வகையில் வரும். அது யார் பெயரில், எந்தக் காசில் வாங்கியது என்பதைப் பொறுத்து வாதம் நடக்கும்.

சிக்கலான இடம் வேறு. திருமணம் நீடிக்கும்வரை, தன் சொந்த அசையாச் சொத்தையே மனைவி கணவனின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. 2 வருடமாகத் திரும்பிப் பார்க்காத கணவனிடம் கையெழுத்துக் கேட்டு நிற்கும் பெண்களுக்கு ஒரு வழி உண்டு: கணவன் கைவிட்டுவிட்டார், இருக்குமிடம் தெரியாது, அல்லது நியாயமில்லாமல் மறுக்கிறார் என்று காட்டினால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றம் அனுமதி தரலாம். விவாகரத்து முடிவானபின் இந்தச் சம்மதப் பிரச்சினையே இல்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கையில் கொடுத்த டொனேஷன் வேறு கதை. அதற்குப் பற்றுச்சீட்டுக் கேட்பவர் யார்? திருப்பிக் கேட்கும்போது நிரூபிக்க எதுவும் இல்லாமல் போவது இதில்தான். வங்கி வழியாகப் போன காசென்றால் அந்தப் பதிவாவது இருக்கும்.

## ஒருவர் வெளிநாட்டில் என்றால்

கனடாவில் ஒரு மாகாணத்தில் குறைந்தது ஒரு வருடம் வசித்தவர் அங்கே விவாகரத்துக் கேட்கலாம். ஒரு வருடம் பிரிந்திருந்ததே காரணமாகப் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஏப்ரல் 6 முதல் யார் குற்றம் என்று காட்டவே தேவையில்லை. அதனால் வெளிநாட்டில் இருப்பவருக்கு அங்கே போடுவது இலகு. ஆனால் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு அந்தக் கடிதம் வந்தால், படிக்காமல் அலுமாரியில் வைக்கக்கூடாது. பதில் போடாவிட்டால் உங்கள் பேச்சைக் கேட்காமலே அங்கே தீர்ப்பு வரலாம். அந்தத் தீர்ப்பை வைத்து இங்கே மறுமணம் செய்வதற்கு முன், அது இலங்கையில் ஏற்றுக்கொள்ளப்படுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கட்டாயம் கேட்கவேண்டும்.

பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோவது இன்னும் பாரதூரமானது. லண்டனிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வந்த தாய், "இனிப் போகமாட்டன்" என்று பிள்ளைகளோடு இங்கேயே நின்றுவிட்டால், 1980 ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தும் 2001 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தகப்பன் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கேட்கலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கே இது பொருந்தும். அந்த வழக்கில் யார் நல்ல பெற்றோர் என்று தீர்ப்பதில்லை. பிள்ளை வழக்கமாக வசித்த நாட்டுக்குத் திரும்பவேண்டுமா என்பது மட்டுமே கேள்வி. கட்டுக்காப்பை அந்த நாட்டு நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

## சட்டத்தரணியிடம் போகும்போது

யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி என்று பல இடங்களில் நீதிமன்றங்கள் இருப்பதால், நீங்கள் வசிக்கும் இடத்தை வைத்து எது என்று சட்டத்தரணி சொல்லுவார். காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்காகவே அது 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

கொண்டுபோகவேண்டியவை: திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதிகள், வைத்தியசாலைத் துண்டுகள், காசு அனுப்பிய அல்லது அனுப்பாமல் விட்டதைக் காட்டும் வங்கிப் புத்தகம், காணி உறுதிகளின் பிரதி. வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் எடுத்துவிட்டுத் தொலைபேசியை விற்றும் விடாதீர்கள். நடந்தவற்றைத் திகதி வரிசையில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், முதல் அரைமணி நேரம் அழுகையிலும் கோபத்திலும் போய்விடாது. அந்தத் தாளில் உங்களுக்குப் பாதகமானவற்றையும் எழுதுங்கள். அவற்றை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எப்படியும் கேட்பார், உங்கள் சட்டத்தரணி முதலில் தெரிந்துகொள்வது நல்லது.